அம்மை போயிற்று, அம்மன் இருக்கிறாள்

மாசி மகம் கிட்ட வந்தாலே எனக்கு வரும் கடிதங்களின் குணம் மாறிவிடும். மற்ற மாதங்களில் சினிமா, கிரிக்கெட், மாமியார். மாசியில் கடவுள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களையும் துடைத்து எண்ணெய் போடுகிற வாசனை எட்டும் தூரத்தில்தான் நம் வாசகர்களில் பாதிப்பேர் குடியிருக்கிறார்கள். என்ன செய்வது? மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுப் பக்கத்தையும் கடவுள் பெயருக்கே அர்ச்சனை செய்கிறேன். இலையை மூடிவிட்டு எழுந்து போகிறவர்கள் சமையற்காரனைத் திட்டுங்கள். அம்மனைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகும் கடவுள் தேவையா?
(கணினி வகுப்பு நடத்தும் இளைஞர், மாத்தளை)

பதில்: 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, ஞாபகமிருக்கிறதா? உங்கள் போன் செத்துப்போயிற்று. அம்மா சாமி படத்துக்கு ஏற்றிய விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் சார்ஜரைத் தேடினீர்கள். (மண்ணெண்ணெய்க்கும் அப்போது வரிசைதானே என்று குறுக்கே பேசாதீர்கள். அது தேங்காயெண்ணெய்.)

கேள்வி: பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது. இனி மாரியம்மன் எதற்கு? வேலை முடிந்த உத்தியோகத்தர் ஓய்வு பெற வேண்டாமா?
(‘நாத்திகன்’ என்று மட்டும் கையெழுத்திட்ட அன்பர், கலேவெல)

பதில்: கேள்வி அருமை. திகதிகளையும் நானே எடுத்துத் தருகிறேன். 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்காரருக்குக் கண்டதுதான் தானாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. உங்கள் கணக்குப்படி அம்மன் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பென்ஷன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவள் வாசலில் 108 அடி ராஜகோபுரம் நிற்கிறது. ஓய்வு பெற்றவருக்கு யார் இப்படி அலுவலகம் கட்டுகிறார்கள்?

இன்னொரு திகதியைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை. அம்மைப்பால் குத்தும் வித்தை இலங்கைக்கு வந்தது 1802இல். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்துச் சனம் வரத் தொடங்கியது 1820களில். அதாவது இந்த மலைக்கு மருந்து முதலில் வந்தது, அம்மன் பிறகுதான் வந்தாள். விஞ்ஞானம் வந்து சாமியைத் துரத்திய கதையை வேறு ஊரில் போய்ச் சொல்லுங்கள்; மாத்தளையில் வரிசை மாறிக் கிடக்கிறது.

அந்தச் சனம் எப்படி வந்தது? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியெல்லாம் வாந்திபேதி, காய்ச்சல், அம்மை. படுத்தவரைப் பாதையோரத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு உயிரோடு வந்து நின்ற முதல் ஊர் இது. வந்தவர்கள் ஒரு மரத்தடியில் அவளை வைத்தார்கள். 1874இல் அது கோயிலாக எழுந்தது. கும்பிட்டவர்கள் கேட்டது தடுப்பூசியை மட்டும்தானா? பின்னால் வந்துகொண்டிருந்த தம்பியை, வழியில் விட்டுவந்த பிள்ளையை, சொல்லிக் கேட்க வேறு ஆள் இல்லாத எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்கள். மாரி என்றால் மழை என்பதையும் மறந்துவிட்டீர்கள். அம்மை ஒழிந்ததில் அம்மனுக்கு ஒரு வேலை குறைந்தது, அவ்வளவுதான். சுகாதாரத் திணைக்களம் அதை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. மற்றக் கோப்புகளை எடுத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை.

கேள்வி: கடவுளை நேரில் பார்த்ததுண்டா?
(மாணவி, பல்லேபொல)

பதில்: இல்லை. ஆனால் தேருக்கு முன்னால் நடந்து, நீளக் கம்பால் மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற மின்சார சபை ஊழியரைப் பார்த்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கேள்வி: பகலில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மாலையில் அவர்களின் பெற்றோர் தொழிற்சாலை ரோதை முனிக்குச் சேவல் நேர்ந்துகொள்கிறார்கள். என் படிப்பு வீணா?
(தோட்டப் பாடசாலை ஆசிரியை, ரத்தோட்டை)

பதில்: டீச்சர், அந்த முனியை அவசரப்பட்டு மூடநம்பிக்கைப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். மலையகம் உலகத்துக்குக் கொடுத்த கண்டுபிடிப்பு அவர். எந்த ஆகமத்திலும் இல்லை. மதுரையிலோ திருச்சியிலோ போய் ரோதை முனி கோயில் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். ‘ரோதை’ என்ற சொல்லே போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது, சக்கரம் என்று அர்த்தம். கொழுந்து அரைக்கிற இயந்திரம் வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் பயத்தையும் குழைத்துச் சாமியாக்கியவர்கள் நம்முடைய ஆட்கள். மலை மேலே போனால் கவ்வாத்துக் கத்திக்கும் ஒரு சாமி உண்டு. கடவுள் நம்பிக்கை நவீன வாழ்க்கையில் தாக்குப்பிடிக்குமா என்று நகரத்தில் கருத்தரங்கு வைக்கிறார்கள். தோட்டத்து ஆள் ஆலைக்குள் முதல் அடி வைத்த அன்றே இயந்திரத்துக்குச் சாமியை நியமித்து, விடையைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஆனால் முனிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சுற்றுகிற உருளையில் விரல் அகப்படும் என்ற பயத்துக்குப் பிறந்தவர் அவர். அந்தப் பயத்துக்கு இன்னொரு மருந்து, இயந்திரத்துக்கு இரும்பு மூடி. சேவலின் செலவு தொழிலாளிக்கு, மூடியின் செலவு கம்பனிக்கு. இதனால்தான் எந்தத் துரையும் முனி பூசையைத் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளிடம் சேவலைப் பற்றிப் பேச வேண்டாம். “மூடி எங்கே என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: புலமைப்பரிசில் பரீட்சைக்கு எந்தச் சாமிக்கு அர்ச்சனை செய்தால் மகன் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவான்?
(ஐந்தாம் வகுப்புத் தகப்பன், மாத்தளை)

பதில்: பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே பிள்ளையார், அதே அர்ச்சனை, அதே காலைப் பூசை. பிள்ளையார் யார் பக்கம் சாய்வார்? வெட்டுப்புள்ளி பரீட்சைத் திணைக்களத்தின் அதிகாரம். பத்து வயதுப் பையனுக்கு நல்ல தூக்கம் வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுங்கள். மாலை டியூஷனில் ஒன்றை நிறுத்தினால் அந்த வரம் அன்றைக்கே கிடைக்கும்.

கேள்வி: 1983 கலவரத்தில் தன் கோயிலையும் தேரையுமே காப்பாற்றிக்கொள்ள முடியாத அம்மன் எங்களை எப்படிக் காப்பாற்றுவாள்?
(கடை வைத்திருந்தவர், இப்போது கொழும்பு)

பதில்: எரிந்தது உண்மை. அம்மன் தடுக்கவில்லை. பொலிசும்தான் தடுக்கவில்லை, அதற்காகப் பொலிஸ் என்ற ஒன்றில் இனி அர்த்தமில்லை என்று நீங்கள் எழுதவில்லையே? திருட்டுப் போனால் இன்னும் அங்கேதான் முறைப்பாடு கொடுக்கிறீர்கள்.

ஒன்று கவனியுங்கள். எரித்தவர்கள் நாத்திகர்கள் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் ஏதோ ஒரு சந்நிதியில் பூ வைத்த கைகள்தான் மாலையில் பெட்ரோல் கேனைத் தூக்கின. இந்தக் கேள்வி அவர்களின் கடவுளிடம் முதலில் போக வேண்டும்.

தேர் மறுபடி ஓடுகிறதே, அதை அம்மனின் அருள் என்று ஒருவர் சொல்வார், வசூல் நோட்டின் மகிமை என்று இன்னொருவர் சொல்வார். நான் வசூல் நோட்டுக் கட்சி. ஆனால் அந்த நோட்டில் பெயர் எழுதியவர்களில் கடையை இழந்தவர்களும் உண்டு, ஒரு நாள் கூலியைக் கொடுத்த கொழுந்துக்காரிகளும் உண்டு. ஊரை விட்டுப் போவதா இருப்பதா என்று தெரியாத காலத்தில், போகவே முடியாத ஒரு பொருளைச் செய்யக் காசு கொடுத்தார்கள். சக்கரம் வைத்த பொருள்தான், ஆனாலும் நாலு வீதி சுற்றித் தன் கொட்டகைக்கே திரும்பி வருகிற பொருள். அவர்கள் என்ன நினைத்துக் கொடுத்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புத்தர் படைப்புக் கடவுளைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. நீங்கள் ஏன் இவ்வளவு அலட்டுகிறீர்கள்?
(தமிழும் வாசிக்கும் சிங்கள நண்பர், அலுவிகாரை)

பதில்: மச்சான், உன் ஊரின் பெருமை எனக்கும் தெரியும். கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்தாலும் போராலும் மனப்பாடமாய் இருந்ததெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து பிக்குகள் உன் ஊர்க் குகையில் உட்கார்ந்து திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள். படைத்தவன் யார் என்ற கேள்வி இல்லாமலே ஒரு மார்க்கம் இரண்டாயிரம் வருடம் நடந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன்சலைக்குப் பக்கத்திலேயே கதிர்காமத் தெய்வத்துக்கும் விஷ்ணுவுக்கும் பத்தினித் தெய்யோவுக்கும் தேவாலயம் எதற்கு? புத்தரிடம் நிர்வாணம் கேட்கிறீர்கள், பஸ் ரூட் பெர்மிட்டைக் கதிர்காமத்தாரிடம் கேட்கிறீர்கள். அவர் எங்கள் முருகன். ஆக, அவசர வேலைகளை நீயும் எங்கள் ஆளிடம்தான் கொடுத்திருக்கிறாய்.

கேள்வி: நாலந்தா கெடிகே இந்துக் கோயிலா, பௌத்தக் கோயிலா? சுற்றுலாப் பயணிகளுக்கு என்ன சொல்வது?
(வழிகாட்டி, நாவுல)

பதில்: பார்த்தால் பல்லவர் பாணி, உள்ளே புத்தர். சண்டை பிடிக்க விரும்புகிறவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் மூழ்கிவிடாமல் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து மேட்டில் அடுக்கினார்கள். எங்களைக் கடவுள் கரையேற்றுவார் என்பார்கள். இங்கே அவரைக் கரையேற்றியது தொல்பொருள் திணைக்களம். இதையே சொல்லுங்கள், டிப்ஸ் கூடக் கிடைக்கும்.

கேள்வி: தேனும் சாதிக்காயும் கலந்த கொரோனாப் பாணிக்குக் கேகாலையில் ஆயிரக்கணக்கில் முண்டியடித்தார்களே, நம்பிக்கை என்பது இதுதானா?
(மருந்துக் கடையில் வேலை செய்பவர், மாத்தளை)

பதில்: சாதிக்காய்க்குக் கொரோனாவை விரட்டும் சக்தி இருந்திருந்தால் அந்தக் கிருமி மாத்தளை மாவட்ட எல்லைக்குள்ளேயே கால் வைத்திருக்காது. நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற சாமான் அது. வயிற்றுப்போக்குக்கு உரைத்துக் குடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தயாரித்தவர் காளி சொல்லிக்கொடுத்தாள் என்றார். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி 2020 நவம்பரில் நோய் நீங்க ஆற்றில் குடம் விட்டார், பிறகு பாணியையும் எல்லோர் முன்னிலையிலும் குடித்தார். 2021 சனவரியில் அவருக்கே தொற்று வந்தது. நான் காளியைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அமைச்சும் இல்லை, வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடும் இல்லை. பயந்துபோன ஒரு தாய் வரிசையில் நின்று பாணி வாங்கினால் அது நம்பிக்கை. பாவம், வேறென்ன செய்வாள்? தடுப்பூசிக்கு ஓட வேண்டிய அமைச்சர் ஆற்றுக்கு ஓடினால் அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்காதீர்கள். கடமை தவறியது, அவ்வளவே.

கேள்வி: பக்தர்களை மட்டும்தான் கேலி செய்வீர்களா? அதே கொரோனாக் காலத்தில் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லித்தானே எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள்?
(ஓய்வுபெற்ற அதிபர், உக்குவளை)

பதில்: நியாயம், சேர். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இங்கே நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் உத்தரவு மாறியது. மன்னிப்புக் கேட்க அமைச்சரவைக்கு 2024 யூலை வரை பிடித்தது. அந்தக் காலம் முழுக்க, ஆய்வுகூடம் சொன்னதைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது தொழுகைக்குப் போகிறவர்கள்தான். கோட்டுப் போட்டவர்கள் பேசியதெல்லாம் விஞ்ஞானமாகிவிடாது. விபூதி பூசியவர்கள் பேசியதெல்லாம் பக்தியாகிவிடாதது போலத்தான்.

கேள்வி: டாக்டர் கோவூரின் லட்ச ரூபாவை யாராவது வென்றார்களா?
(சோதிடம் பார்ப்பவர், தம்புள்ளை)

பதில்: இல்லை. அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் என்று ஆபிரகாம் கோவூர் சவால் விட்டார். லட்சம் ரூபாவுக்கு வீடு வளவு வாங்கக்கூடிய காலம் அது. 1978இல் அவர் இறக்கும்வரை காசு பத்திரமாக இருந்தது. கேரளத்துப் பாதிரியார் ஒருவரின் மகன் அவர். கண்ணைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும், கடைசியில் எலும்புக்கூட்டைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் எழுதி வைத்தார். ஆஸ்திகர்களில் இப்படித் தன்னை முழுதாகப் படையல் வைத்தவர் யாரையாவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் சோதிடர். இந்தப் பதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்குமே?

கேள்வி: இளமையில் சாமி இல்லை என்று தோட்டம் தோட்டமாக மேடை போட்டோம். இன்று என் பேரன் பறவைக் காவடி எடுக்கிறான். நாங்கள் தோற்றுவிட்டோமா?
(பழைய திராவிட இயக்கத் தோழர், எல்கடுவை)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பெரியார் 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்புகிற வழியில் கொழும்பில் இறங்கிப் பேசியதிலிருந்து, உங்கள் தலைவர் இளஞ்செழியனோடு நீங்கள் லயம் லயமாக நடந்தது வரைக்கும் உங்கள் கணக்கு நீளமானது. 1962இல் அரசாங்கம் உங்கள் கழகத்தைத் தடையே செய்தது. சும்மா இருப்பவரை யாரும் தடை செய்வதில்லை. நீங்கள் மேடையில் முழங்கியது சாமியைப் பற்றி. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவன் காதில் விழுந்தது கங்காணியைப் பற்றி. எந்தச் சாதிக்காரன் கோயிலுக்குள் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு முதல் பரிவட்டம் என்பதைப் பற்றி. பேரன் காவடியில் தொங்கும்போது போய்ப் பாருங்கள். கயிறு பிடிக்கிறவன் என்ன சாதி என்று அவனுக்குத் தெரியுமா, அவன் கேட்டானா? கேட்கவில்லை என்றால் பாதி உங்கள் வெற்றி. கேட்டான் என்றால் காவடியை விடுங்கள், அதற்குத்தான் பேரனின் காதைத் திருக வேண்டும். மற்றபடி, கொக்கியைச் சுத்தமாகக் கழுவினார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது கடவுள் மறுப்பு அல்ல, ஏற்புவலித் தடுப்பு.

கேள்வி: சாமியை இப்படிக் கிண்டல் செய்கிறீர்களே, பயமில்லையா?
(அடியார், மாத்தளை)

பதில்: இதே மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோம். காமனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, சிவன் கண்ணைத் திறந்து அவனை எரிக்க, ரதி அழ, ஊரே கூட அழுது, பிறகு எழுப்பியும் விடுகிறோம். தெய்வத்தை வருடா வருடம் கொளுத்தி, அடுத்த வருடத்துக்கு நாள் குறிக்கிற சனம் நாங்கள். என் நாலு வரிக் கிண்டலுக்கா கோபிப்பார்கள்?

கேள்வி: நான் வேண்டாத கோயில் இல்லை. அவன் வரவில்லை. கடவுள் இருந்தால் ஏன் பேசவில்லை?
(பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று எழுதிய தாய்)

பதில்: அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண்ணைத் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. பழைய காலத்துத் தொற்றுநோயில் இறந்தவர்கள் என்றார்கள் சிலர். 1980களின் கடைசியில் காணாமல் போன பிள்ளைகள் என்றார்கள் வேறு சிலர். ஓர் ஆய்வு 1986க்குப் பிந்தியது என்றது, பிறகு வந்த ஆய்வு வேறு காலம் சொன்னது. இத்தனைக்கும் நடுவில், சிங்களத் தாய்மார் சிலர் வந்து அந்தக் குழியின் ஓரத்தில் நின்றுவிட்டுப் போனார்கள்.

1992இல் அப்படிப்பட்ட தாய்மார்தான் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, மண்ணை வாரி, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தார்கள். பௌத்தப் பெண்கள், தமிழ்க் காளி. பொலிசில் முறைப்பாட்டை எழுதவில்லை, நீதிமன்றத்தில் வழக்கு நகரவில்லை. காளி நம்பினாளா தெரியாது, மறுக்கவில்லை. வாசலில் நின்று பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்ல முடிந்த இடம் அந்த நாட்களில் அது ஒன்றுதான். உங்கள் மகனின் பெயரை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அச்சில் போடவில்லை. வைத்திருக்கிறேன்.

கேள்வி: தேரை பேஸ்புக் நேரலையில் பார்த்துக் கும்பிட்டால் அம்மன் ஏற்பாளா? வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் சத்தத்தைக் குறைத்துத்தான் பார்க்கிறேன்.
(வீட்டு வேலைக்குப் போன சகோதரி, குவைத்)

பதில்: தங்கச்சி, உங்கள் பூட்டி மன்னார்க் காட்டு வழியில் நடந்தபோது முந்தானை முடிச்சில் திருநீறாகக் கட்டிக்கொண்டு வந்தாளே, அதே அம்மன்தான். முடிச்சுக்குள் அடங்கியவள் போனுக்குள் அடங்க மாட்டாளா? சத்தம் தேவையில்லை, பறை அடிக்கிற கையைப் பார்த்தாலே உங்களுக்குக் கேட்கும். நேரலை எடுக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: தேர் முக்கில் திரும்பும்போது உங்கள் முகத்தைக் காட்டாதீர்கள், கையையும் ஆட்டாதீர்கள். குவைத்தில் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா?
(ஏழு பேர் சேர்ந்து ஒரே தபாலட்டையில், மாத்தளை)

பதில்: பெரும்பாலான நாட்களில் இல்லை. என் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த இரண்டு இரவுகள் வராந்தாவில் நின்று நம்பினேன், டாக்டரையும் சேர்த்து. மூன்றாம் நாள் அம்மா எழுந்து தேத்தண்ணி கேட்டதும் பழையபடி ஆகிவிட்டேன். நன்றி கெட்டவன் என்று அம்மா சொல்கிறார். தேரன்று மட்டும் தவறாமல் போவேன், அம்மன் தேரில், இடப்பக்க வடத்தில். வடம் பிடிக்கிறவனை யாரும் நம்பிக்கை உண்டா என்று கேட்பதில்லை. இழு என்றுதான் சொல்கிறார்கள்.

ஏழு பேரும் வாருங்கள், இடமிருக்கிறது. செருப்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போன வருடம் என்னுடையது போயிற்று.